பிலோமினாவின் பந்தி

பிலோமினாவின் நாக்கை விட்டுப் போன ருசி காற்றோடு போய்விடவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த செண்பகவல்லியின் டீக்குள் போய் இறங்கியது. புற்றுநோய்க்கு இரண்டாவது முறை மருந்து ஏற்றிக்கொண்டு பிலோமினா வீடு வந்த மறுநாள், தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் போகிற சாலையை ஒட்டிய வீட்டுவசதிக் குடியிருப்பின் கீழ்த்தள வராந்தாவில், கடற்காற்று திரும்புகிற சாயங்கால வேளையில் அது நடந்தது. சுகர் வந்த நாளிலிருந்து செண்பகவல்லிக்குச் சீனி போடாத டீதான். கசப்பை விழுங்குவதற்கென்றே வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளப் பழகியிருந்தாள். அன்றும் அப்படிக் கோணிக்கொண்டு ஒரு மடக்குக் குடித்தவளுக்கு வாய் தானாக நேராயிற்று. டீ தித்தித்தது.

தம்ளர் மாறிவிட்டதென்று நினைத்து எதிர் வீடான தன் வீட்டுக்கு எழுந்து போனாள். வாசலைத் தாண்டியதும் அதே டீ கசந்தது. திரும்பி வந்து பிலோமினாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள், தித்தித்தது. இன்னொரு முறை போய்வந்து பார்த்துவிட்டு, குழாயில் எந்த நேரத்துக்குத் தண்ணீர் வரும் என்று தெரிந்துகொள்கிற மாதிரி அதைத் தெரிந்துகொண்டு, மிச்சத்தைச் சொட்டுவிடாமல் குடித்தாள்.

"என்னட்டி, டீயத் தூக்கிட்டு அங்கயும் இங்கயும் அலையுத?" என்று பிலோமினா கேட்டாள்.

"ஈ விழுந்த மாதிரி இருந்துச்சு."

"எனக்கு ஈ விழுந்தாலும் தெரியாது. வாயில துருப்பிடிச்ச ஆணிய ஊறப்போட்ட மாதிரி இருக்கு. சோத்தப் போட்டா பஞ்சு, மீனப் போட்டா பஞ்சு. கர்த்தர் என்னை மெத்தையாக்கிப்போடுவாரு போல."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். தலைமுடி கொட்டியபோதும் இப்படித்தான் சிரித்தாள். மகன் கப்பலில் வேலைக்குப் போன வருஷம் வேளாங்கண்ணிக்கு மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டு போகாமலே இருந்தாளாம், மாதா காத்திருந்து பார்த்துவிட்டு வீட்டுக்கே ஆள் அனுப்பிவிட்டாளாம்.

இருவரும் இறால் கம்பெனியில் ஒரே மேஜையின் எதிரெதிர்ப் பக்கத்தில் நின்று தோலுரித்தவர்கள். ஐஸ் தண்ணீரில் விரல் மரத்துப்போகும்போது ஒருத்தியின் கையை மற்றவள் தன் அக்குளில் இடுக்கிச் சூடு கொடுப்பாள். மேஸ்திரி பார்த்துவிட்டால் இருவருக்கும் சேர்த்தே வசவு விழும். புருஷன்மார் போய்ச் சேர்ந்து, பிள்ளைகள் வெளியூர் போய், கம்பெனியிலிருந்தும் நின்ற பிறகு, மேஜையின் எதிரெதிர்ப் பக்கம் எதிரெதிர் வாசலாயிற்று. மார்பில் கட்டி என்று தெரிந்த அன்று பிலோமினா முதலில் சொன்னது மகனிடம் அல்ல, செண்பகவல்லியிடம். திருநெல்வேலிக்கு பஸ்ஸில் கூடப் போய், மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குகிற நேரமெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பாதத்தைத் தடவிக்கொடுத்து, வரும் வழியில் அவள் வாந்தி எடுத்தால் பிடிக்கக் கையோடு தூக்குச்சட்டி கொண்டுபோகிறவளும் அவள்தான். ஆகவே அந்த முதல் நாளே சொல்லியிருக்கலாம். 'உன் ருசி எனக்கு வருதுட்டி' என்று சொன்னால் பிலோமினா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். சொல்ல வாயெடுத்த செண்பகவல்லி, சொன்னால் ஒருவேளை நின்றுபோகுமோ என்று பயந்தாள். அந்தப் பயம்தான் முதல் கணக்குப்பிசகு, அதற்குப் பின்னால் வந்ததெல்லாம் அதன் பிள்ளைகள்.

கொஞ்ச நாள் அவள் மட்டும் வைத்திருந்தாள். காலை டீ, சாயங்கால டீ, மத்தியானக் கேப்பைக்கூழ் எல்லாவற்றையும் பிலோமினாவின் வராந்தாவுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். கூழ் பாயசமாக இருந்தது. ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தபோது சுகர் ஏறவில்லை, கொஞ்சம் இறங்கியும் இருந்தது. சந்தோஷத்தை ஒருத்தியாக வைத்துக்கொள்ள முடியாமல், மாடிவீட்டு மைமூனிடம், யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னாள். மைமூன் தன் மாமியார் செய்யது பீவியிடம் சொன்னாள். செய்யது பீவிக்குக் காது மந்தமாகையால் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அத்தோடு பிலோமினா ஒருத்தியைத் தவிரக் குடியிருப்பு முழுக்கத் தெரிந்துபோயிற்று.

யாரும் ஆச்சரியப்படவில்லை. ரத்தக்கொதிப்புக்காரரான குடியிருப்புச் சங்கச் செயலாளர் ராஜமணி மறுநாளே உப்பில்லாத இட்லியைத் தட்டில் மூடிக்கொண்டு, "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேம்மா" என்று வந்து உட்கார்ந்தார். ஒரு இட்லி முடிவதற்குள் அவர் கண் கலங்கிவிட்டது, பிலோமினா அது தன் மீதுள்ள பரிவு என்று எடுத்துக்கொண்டு அவருக்கு ஆறுதல் சொன்னாள். பல்லுப்போன செய்யது பீவி ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுவிட்டுப் பெருநாள் பிரியாணியின் ஏலக்காய் மணந்ததென்று மாடிக்குப் போய்ச் சொன்னாள். சோற்றைக் கண்டால் வாயைப் பூட்டிக்கொள்கிற பிள்ளைகளைத் தாய்மார்கள் இடுப்பில் தூக்கிவந்து பிலோமினாவின் முகத்தைக் காட்டி ஊட்ட, அவை குஞ்சுகளைப் போல வாயைத் திறந்தன. அலுமினியத் தூக்குகளும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் வராந்தாவை நிறைத்தன. முதலில் வந்தவர்கள் நோயாளியைப் பார்க்க வருகிற முறைப்படி ஹார்லிக்ஸும் பழமும் கொண்டுவந்தார்கள், போகப்போக அவரவர் தட்டை மட்டும் கொண்டுவந்தார்கள்.

மருந்து ஏறிய புதிதில் ருசி கூடுதலாகவும், நாள் போகப்போக மங்கலாகவும் இருந்தது. அடுத்த மருந்து ஏறியதும் மறுபடி பொங்கியது. அமாவாசை பௌர்ணமியைப் போலக் குடியிருப்பு அதற்கும் பழகிக்கொண்டது. பெண் பார்க்க வருகிறவர்களை மருந்து ஏறிய வாரத்தில் வரச்சொன்னார்கள், பிலோமினாவையும் பெரிய மனுஷியாகக் கூட்டத்தில் உட்கார வைத்தார்கள். வளைகாப்புக்குக் கூப்பிட்டார்கள், புதுவீட்டில் பால் காய்ச்சக் கூப்பிட்டார்கள். படியில் எதிர்ப்பட்டால் "சாப்பிட்டாச்சா" என்று கேட்பதை விட்டு, "பிலோ அக்காவுக்கு அடுத்த மருந்து என்னைக்கு?" என்று கேட்டார்கள். அந்தக் குரலில் இருந்த ஆவலை அவர்களில் யாருக்கும் காது கொடுத்துக் கேட்கத் தோன்றவில்லை.

பிலோமினா அந்த மாதங்களில் பூரித்திருந்தாள். சாயங்காலம் ஆனதும், உடம்பு நடுங்கினாலும், ஈரத்துணி எடுத்து நாற்காலிகளைத் துடைத்து வரிசையாகப் போடுவாள். வாய்ப்புண்ணில் பேச முடியாத நாட்களில் பலகையை விரித்து, சோழியை உருட்டி, செய்யது பீவியோடு தாயம் ஆடுவாள்; அந்தக் கிழவி கள்ளாட்டம் ஆடுவதைக் கண்டுகொள்ள மாட்டாள். கப்பலிலிருந்து மகன் பேசும்போது, "நீ கவலப்படாத மக்கா, நான் ஒரு வாய் தனியாத் திங்கல. நம்ம காலனி மாதிரி உலகத்துல கெடையாது" என்பாள். பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற செண்பகவல்லிக்கு வாயிலுள்ள கூழ் தேனாக இருக்கும், ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் விழுங்குவாள்.

பிலோமினாவுக்குச் சமைத்துக் கொடுத்தது செண்பகவல்லி. தொடக்கத்தில் குழைந்த கஞ்சியும், வாய்க்குப் பிடிக்குமென்று இஞ்சித் துவையலும், சாளைமீனை முள்ளெடுத்து மஞ்சளும் உப்பும் அளவாகப் போட்ட அவியலும் கொண்டுபோனாள். கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ருசி பார்ப்பாள், அமிர்தமாக இருக்கும். ஒருநாள் உப்பு போட மறந்துவிட்டது, அன்றும் அமிர்தமாகவே இருந்தது. அடுத்த நாள் மறக்கவில்லை, ஆனாலும் போடவில்லை. பிறகு தாளிப்பதை விட்டாள், வெங்காயம் வதக்குவதை விட்டாள், முதல்நாள் மிஞ்சிய குழம்பில் வெந்நீர் ஊற்றிச் சுடவைத்தாள், புளித்த மாவைக் கல்லில் ஊற்றி எடுத்தாள். அவளுக்கென்ன தெரியப்போகிறது என்று ஒருநாளும் வாய்விட்டு நினைத்ததில்லை. கைதான் அப்படி நினைத்துக்கொண்டது. பிலோமினா ஒவ்வொரு கவளத்தையும், பஞ்சை விழுங்குகிறவளாக, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவிட்டு, "உன் கைச்சாப்பாடு இல்லன்னா நான் என்னைக்கோ போயிருப்பேன்டீ" என்று சொல்வாள்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு அடுத்த மருந்துக்குப் போன அன்று, படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா சிரித்த முகத்தோடு, "கட்டி நல்லாக் கரைஞ்சிருக்கும்மா. இன்னைக்கு ஏத்துறதோட முடிஞ்சுது. இனி மருந்து வேண்டாம். நாக்கெல்லாம் சீக்கிரம் சரியாயிரும்" என்றாள். பிலோமினா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு செண்பகவல்லியின் கையைப் பிடித்தாள். செண்பகவல்லிக்கு முதலில் வந்தது 'அதுக்குள்ளயா' என்ற சொல். வாய்வரை வரவில்லை, மனதில்தான் வந்தது. வந்ததை அவளே பார்த்துவிட்டாள். பார்த்த மாத்திரத்தில் கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

"ஏட்டி, எனக்குச் சரியானதுக்கு நீ ஏன் அழுத? கிறுக்கி" என்று பிலோமினா தன் சேலைத்தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

செய்தி கேட்ட குடியிருப்பு, "நல்லதாப் போச்சு, நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, படிக்கட்டில் கூடி நின்று குரலைத் தாழ்த்திப் பேசியது. கடைசி மருந்து ஏறியிருக்கிறது, ருசி உச்சத்தில் இருக்கிறது, மங்குவதற்குள் எல்லோரும் ஒருமுறை வயிறாரச் சாப்பிட்டுவிட வேண்டும். ராஜமணிதான் அதற்கு மரியாதையான பெயர் கண்டுபிடித்தார். மாதா கோயில் திருவிழாவில் சாதி மதம் பாராமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்கிற அசனத்தைப் போல, பிலோமினா குணமானதற்கு நன்றியாகக் குடியிருப்பு முற்றத்தில் ஒரு அசனம். பந்தலின் நடுவில் பிலோமினாவுக்கு இலை. பண்டாரியைக் கூப்பிடலாமா என்று யாரோ கேட்டதற்கு, "சமைக்கவா போறோம்? வேகவச்சாப் போதும். பாதிப் பேருக்குக் கொதிப்பு, பாதிப் பேருக்குச் சுகர். நமக்கு இது தோதுதானே" என்றார்.

வேகவைக்கிற பொறுப்பு செண்பகவல்லியிடம் வந்தது. அவள் மறுக்கவில்லை. அரிசி வெந்தது, பருப்பு வெந்தது, காய்கள் வெறும் தண்ணீரில் வெந்தன. பாயசத்துக்கு வெல்லம் வாங்கவில்லை. உப்பு என்கிற பேச்சே எழவில்லை. சாலைக்கு அப்பால் அம்பாரம் அம்பாரமாக உப்பு குவிந்து வெயிலில் மின்னிக்கொண்டிருந்த ஊரில், அன்று அவ்வளவு பெரிய சமையலுக்கு ஒரு கல் உப்பும் விழவில்லை.

பிலோமினா மகன் வாங்கியனுப்பிய ஊதாச் சேலையை உடுத்திக்கொண்டு, தலையில் வெள்ளைத்துணி கட்டி, பந்தலுக்குள் வந்தபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவளுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "இருங்க, இருங்க, நான் என்ன பிஷப் சாமியா" என்றாள். அவள் இடப்பக்கம் செய்யது பீவி, வலப்பக்கம் ராஜமணி, அதற்கப்புறம் வரிசை வரிசையாக இலைகள். ஜெபம் சொல்லச் சொன்னார்கள். பிலோமினா எழுந்து, "ஆண்டவரே, எனக்கு நாக்க எடுத்துக்கிட்டு இத்தன சனத்தக் குடுத்தீரே, ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். வாளியோடு நின்ற செண்பகவல்லி தரையைப் பார்த்தாள். பந்தி சாப்பிடத் தொடங்கியது.

என்ன சாப்பாடு அது. வெறும் பருப்பில் நெய் மணந்தது, வெந்த பூசணியில் தேங்காயும் சீரகமும் இருந்தன, சாம்பாரை ஊற்ற ஊற்ற இலை போதவில்லை. ராஜமணி மூன்றாம் தடவையாகச் சோறு கேட்டார். செய்யது பீவி விரலைச் சூப்பினாள். பேச்சு நின்று, மெல்லுகிற சத்தமும் உறிஞ்சுகிற சத்தமும் மட்டும் பந்தலுக்குள் கேட்டன. நடுவில் பிலோமினா, எல்லோரும் சாப்பிடுகிற அழகைப் பார்த்துக்கொண்டே, கடமைக்கு ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டாள்.

மென்றவள் மெல்லுவதை நிறுத்தினாள். இன்னொரு தடவை மென்றாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை எதிரே நின்ற செண்பகவல்லி பார்த்தாள். சோறு சோறாகத் தெரிந்துவிட்ட முகம் அது. அதே நேரத்தில் ராஜமணியின் கை பாதியில் நின்றது, அவருக்கு அடுத்தவர் கை நின்றது, தண்ணீரில் வட்டம் விரிகிற மாதிரி நடுவிலிருந்து கடைசி இலைவரை ஒவ்வொரு வாயாக நின்றது. இவ்வளவு சீக்கிரம் போகும் என்று யாரும் நினைக்கவில்லை. ஒரு பிள்ளை வாயிலிருந்ததை இலையில் துப்பியது.

பிலோமினா பருப்பைத் தொட்டு நாக்கில் வைத்தாள். பூசணியைத் தொட்டு வைத்தாள். சாம்பார், பாயசம். வெளிச்சம் மெல்ல இறங்கியது. நிமிர்ந்து, சிரிப்பை விடாமலே கேட்டாள்:

"செண்பகம், உப்பு போட மறந்திட்டியாட்டி?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பந்தல் முழுவதும் அவள் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிடட்டும் என்று மூச்சைப் பிடித்துக் காத்திருந்தது. ஆனால் காது கேளாத செய்யது பீவிக்கு அந்த மௌனம் கேட்கவில்லை. அவள் மருமகளைத் தேடித் திரும்பி, தான் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, பந்தல் அதிரச் சொன்னாள்:

"ஏ மைமூன், போயிருச்சுளா! ருசி அவகிட்டயே திரும்பிப் போயிருச்சு! இனி எதுக்கு இங்க உக்காந்திருக்கோம்? எந்திரி!"

மைமூன் ஓடிவந்து மாமியாரின் வாயைப் பொத்தினாள். பொத்தியதால் அது உண்மையாகிவிட்டது.

"என்னது எங்கிட்ட திரும்பி வந்துச்சு?" என்று பிலோமினா செண்பகவல்லியைக் கேட்டாள்.

செண்பகவல்லி சொன்னாள். சாம்பார் வாளியைக் கீழே வைக்காமல், அது கையை இழுக்க இழுக்க, டீ தித்தித்ததிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கடைசி வரிசை எழுந்து போயிற்று. பிறகு அதற்கு முந்தின வரிசை. கைகழுவுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை, எச்சில் கையோடே படியேறிப் போனார்கள். துக்கவீட்டிலிருந்து போகிறவர்களைப் போல, யாரும் வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ராஜமணி எழுந்து, கும்பிடக் கையைத் தூக்கி, அதில் பருக்கை ஒட்டியிருப்பதைப் பார்த்து, இறக்கிக்கொண்டு போனார்.

"பெறவு நான் எதுக்குட்டி நாற்காலியத் தொடச்சுத் தொடச்சுப் போட்டேன்?" என்றாள் பிலோமினா. "மவன்கிட்ட வேற சொன்னேன்."

செண்பகவல்லி வாளியை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீயுமா?"

"ஆமா."

முதல் மருந்தின்போது ருசி எதுவும் இல்லை, அப்போதும் கூடத்தானே வந்தேன் என்கிற ஒன்று செண்பகவல்லியிடம் இருந்தது. நாக்கின் நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் பிலோமினா அதையாவது பிடித்துக்கொள்வாள் என்று தெரிந்தது; தெரிந்ததாலேயே சொல்லக் கூசியது. விழுங்கிக்கொண்டாள்.

பிலோமினா இலையைப் பார்த்தாள். வெந்த பூசணித் துண்டு ஒன்றைக் கிள்ளித் திரும்பவும் வாயில் போட்டு, மெதுவாக மென்று, விழுங்கினாள்.

"நீ எனக்குக் கொண்டாந்து தந்ததெல்லாம் இப்படித்தான் இருந்துச்சா?"

இதற்குத்தான் செண்பகவல்லி பயந்திருந்தாள். இந்தக் கேள்வி இருக்கிறது என்பதே அவளுக்கு இதுவரை தெரியாது, ஆனாலும் இதற்குத்தான் பயந்திருந்தாள்.

"முதல்ல நல்லாத்தான் பண்ணினேன். பெறவு..." என்றவள் நிறுத்திக்கொண்டு, "ஆமா, இதவிட மோசமா இருந்துச்சு" என்றாள்.

காற்றில் ஆளில்லாத இலைகளின் ஓரம் படபடத்தது. பிலோமினா தன் இலையை மடித்தாள், தன்பக்கமாக அல்ல, துக்கவீட்டில் மடிக்கிற மாதிரி மேல்பக்கமாக. பிறகு சொன்னாள்:

"எனக்குப் பசிக்கு. எத்தன மாசமாச்சு பசிச்சு. போயி எதாச்சும் ஆக்கு."

செண்பகவல்லி வாளியை வைத்துவிட்டுத் தன் வீட்டுக்கு ஓடினாள். அடுக்களையில் உப்புஜாடி கட்டிதட்டிக் கிடந்தது. கரண்டிக்காம்பால் இடித்து உடைத்து ஒரு கிண்ணத்தில் அள்ளினாள். வெங்காயம், தக்காளி, புளி, மிளகாய்த்தூள், நல்லெண்ணெய், கையில் அகப்பட்டதையெல்லாம் மடியில் கட்டிக்கொண்டு பந்தலுக்குப் பின்னாலிருந்த அடுப்புக்கு வந்தாள். சட்டியில் கடுகு வெடித்தது, வெங்காயம் வதங்கியது, புளித்தண்ணீர் கொதித்தது. உப்பை எடுக்கக் கிண்ணத்துக்குள் போன கை அங்கேயே நின்றது. எவ்வளவு என்று அதற்குத் தெரியவில்லை. கண்ணளவில் அள்ளிப்போட்டே காலத்தை ஓட்டிய கை, ஒரு சட்டிக் குழம்புக்கு எவ்வளவு என்று தெரியாமல் உப்புக்குள் கிடந்தது. கொஞ்சம் போட்டு, தானே நாக்கில் விட்டுப் பார்த்தாள். அவள் நாக்கும் ஒன்றும் சொல்லவில்லை, இரவல் ருசியில் இருந்து இருந்து அதுவும் மழுங்கிப் போயிருந்தது.

கரண்டியில் எடுத்து ஊதிக்கொண்டே பிலோமினாவிடம் வந்தாள். பிலோமினா உள்ளங்கையை நீட்டினாள். மருந்து ஏறி ஏறி நகங்கள் கறுத்துப்போன கை. செண்பகவல்லி அதில் ஒரு சொட்டு விட்டாள்.

"போதுமா பாரு."

பிலோமினா நக்கிப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல், அவசரமில்லாமல், நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இல்ல."

அடுப்புக்குப் போய் இன்னும் கொஞ்சம் போட்டுக் கொதிக்கவிட்டுக் கொண்டுவந்தாள்.

"இப்ப?"

"இல்ல."

மறுபடி போனாள், மறுபடி வந்தாள். மாடி ஜன்னல்களிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாரும் இறங்கி வரவில்லை. எண்ணெய் பிரிந்து குழம்பு மணக்கத் தொடங்கியிருந்தது. செண்பகவல்லிக்கு மணம்கூட எட்டாமல், புகையில் கண் எரிந்தது மட்டும் தெரிந்தது. பிலோமினா கையை நீட்டியபடியே இருந்தாள்.

"இல்லட்டி. இன்னும் போடு" என்றாள்.